உள்வட்டம் தொட மாட்டுக்கா? எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கும் வழி

சேரன்மகாதேவியில் என் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் படிக்க வருவார்கள். பத்தமடையிலிருந்தும் வீரவநல்லூரிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்களும் உண்டு. முக்கோணத்துக்குள் மூன்று பக்கத்தையும் தொடும் உள்வட்டம் வரையும் பாடம் வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே வழக்குதான் வரும்: "டீச்சர், வட்டம் தொட மாட்டுக்கு." பக்கத்தைத் தொட மாட்டேன் என்கிறது என்று அர்த்தம். பல வருடமாக அந்த நோட்டுகளைத் திருத்தியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். கோளாறு நூறு விதமாகத் தெரிந்தாலும் காரணம் ஏழெட்டைத் தாண்டாது. வட்டம் எப்படித் தப்பாக வந்திருக்கிறது என்று பார்த்தாலே எந்தக் கோடு பிசகியது என்று சொல்லிவிடலாம். அதை எழுதிவைத்தால் பிள்ளைகளுக்கும், வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் அம்மா அப்பாவுக்கும் உதவும்.

முதலில் ரப்பரைத் தள்ளி வையுங்கள்

வட்டம் சரியாக வரவில்லை என்றதும் பிள்ளைகள் செய்யும் முதல் வேலை அழிப்பது. வட்டத்தோடு தடயமும் போய்விடுகிறது. பிறகு அதே தப்பை அதே இடத்தில் மறுபடி செய்கிறார்கள், தாள்தான் கிழிகிறது. தப்பான வட்டம் எந்தப் பக்கத்தைத் தொட்டது, எதை வெட்டியது, எதற்கு எட்டவில்லை என்பதெல்லாம் தேவை. கவராயத்தால் போட்ட வில்களையும் அழிக்காதீர்கள். அவையும் சாட்சி.

முறையை ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்வோம். முக்கோணம் ஏ, பி, சி. ஏதாவது இரண்டு கோணங்களுக்கு இருசமவெட்டி, அதாவது கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் கோடு, வரைகிறோம். அவை வெட்டிக்கொள்ளும் இடம் மையம். மையத்திலிருந்து ஒரு பக்கத்துக்குச் செங்குத்துக்கோடு. அது பக்கத்தில் போய் நிற்கும் இடத்தை இங்கே 'அடி' என்று சொல்கிறேன். கவராயத்தின் முள்ளை மையத்தில் ஊன்றி, பென்சிலை அடிவரை விரித்து, ஒரு சுற்று. மூன்று பக்கத்தையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும்.

சோதனைக்கு இரண்டு முக்கோணம்

கோளாறு கையிலா, கவராயத்திலா, முறையிலா என்று பிரித்துப் பார்க்க நான் இரண்டு முக்கோணம் வைத்திருக்கிறேன். விடை சுலபமான எண்ணாக வருவதால் அளவுகோல் வைத்து அளந்தாலே தெரிந்துவிடும்.

முதலாவது: ஏபி 6.5 செ.மீ., பிசி 7 செ.மீ., சிஏ 7.5 செ.மீ. இதன் உள்வட்ட ஆரம் சரியாக 2 செ.மீ. தொடும் இடங்கள் ஏ-யிலிருந்து 3.5, பி-யிலிருந்து 3, சி-யிலிருந்து 4 செ.மீ. தூரத்தில் விழும்.

இரண்டாவது: ஏபி 4, பிசி 11, சிஏ 9 செ.மீ. ஏ-யில் விரிகோணம், சி-யில் ஒடுங்கிய கோணம். ஆரம் 1.4 செ.மீ.க்கு மயிரிழை கூடுதல். தொடும் இடங்கள் ஏ-யிலிருந்து 1, பி-யிலிருந்து 3, சி-யிலிருந்து 8 செ.மீ.

இரண்டையும் வரையச் சொல்ல வேண்டும், ஒன்று போதாது. முதல் முக்கோணம் சாதுவானது, முறையில் செய்யும் தப்பையெல்லாம் மறைத்துவிடும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கோளாறு 1: மூன்று பக்கத்தையும் ஒரே அளவுக்கு வெட்டுகிறது, அல்லது மூன்றுக்கும் ஒரே அளவு எட்டவில்லை

நிம்மதியான கோளாறு இது. மூன்று பக்கத்திலும் தப்பு ஒரே அளவாக இருந்தால் மையம் சரி. ஆரம் மட்டும்தான் தப்பு. இருசமவெட்டிகளைத் தொடவே வேண்டாம்.

கவராயம் நழுவிவிட்டதா?

சுலபமான காரணம் இதுதான். ஆரத்தை விரித்த பிறகு சுற்றும்போது கால் கொஞ்சம் விரிந்திருக்கும், அல்லது ஒடுங்கியிருக்கும். வட்டம் போட்ட கவராயத்தை மடக்காமல் அப்படியே எடுத்து மறுபடி மையத்திலும் அடியிலும் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் நழுவியிருக்கிறது. திருகை இறுக்கிக்கொண்டு மறுபடி சுற்றுங்கள்.

ஆரத்தை இருசமவெட்டியின் மேலேயே எடுத்தீர்களா?

வெட்டுகிற வட்டங்களில் பாதிக்கு மேல் இதனால்தான். பிள்ளை இருசமவெட்டியை எதிர்ப்பக்கம் வரைக்கும் இழுத்திருக்கும். அது பக்கத்தைத் தொடுகிற இடம் ஒரு புள்ளியாகக் கண்முன்னே இருக்கும். செங்குத்து போடாமல் அந்தப் புள்ளிக்கே கவராயத்தை விரித்துவிடும்.

6.5, 7, 7.5 முக்கோணத்தில் இப்படிச் செய்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இருசமவெட்டி பக்கத்தைத் தொடும் இடமும் செங்குத்தின் அடியும் அங்கே ஒன்றிலிருந்து இரண்டரை மி.மீ. தள்ளித்தான் இருக்கின்றன. ஆரத்தில் வரும் வித்தியாசம் அரை மி.மீ.கூட இல்லை. வட்டம் அழகாகத் தொடும், பிள்ளையும் முறை சரி என்று நம்பிவிடும். அதே பிள்ளை 4, 9, 11 முக்கோணத்தில் பி-யின் இருசமவெட்டி சிஏ-வைத் தொடும் இடம் வரை ஆரம் எடுத்தால் 1.4 வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. வரும். வட்டம் மூன்று பக்கத்தையும் தாண்டி வெளியே போய் நிற்கும். அதற்காகத்தான் இரண்டு முக்கோணம் கேட்டேன்.

சரிபார்க்க மூலைமட்டம் போதும். ஆரக்கோடும் பக்கமும் சேரும் இடத்தில் மூலைமட்டத்தின் செங்கோணத்தை வைத்துப் பாருங்கள். உட்காரவில்லை என்றால் அது செங்குத்து இல்லை.

பிள்ளைகளிடம் இதை நான் விளக்குவது ஒரே மாதிரிதான். வயல் நடுவில் நிற்கிறாய், வாய்க்காலுக்குப் போக வேண்டும். நேராக நடந்தால் குறைந்த தூரம். வரப்போடு சாய்ந்து நடந்தால் தூரம் கூடும். வட்டம் கேட்பது அந்தக் குறைந்த தூரத்தை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

செங்குத்தின் அடி கொஞ்சம் விலகிவிட்டதா?

பிள்ளைகள் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள், நான் கடைசியில் வைக்கிறேன். ஆரம் 2 செ.மீ. இருக்கும்போது அடி ஒரு மி.மீ. தள்ளி விழுந்தால்கூட ஆரத்தில் வரும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. வட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவு தப்பியிருந்தால் அடியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அடி நாலைந்து மி.மீ. விலகியிருந்தால்தான் கவலை. அப்படி விலகுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், செங்குத்து எடுக்க மையத்திலிருந்து போட்ட வில் மிகச் சிறியதாக இருந்து பக்கத்தை ஒட்டினாற்போல வெட்டியிருப்பது. இரண்டு வெட்டும் புள்ளிகளும் குறைந்தது 3 செ.மீ. இடைவெளியில் விழும்படி வில்லைப் பெரிதாக்குங்கள். பக்கம் போதாவிட்டால் அதைப் புள்ளிக்கோடாக நீட்டிக்கொள்ளலாம்.

கோளாறு 2: இரண்டு பக்கத்தைத் தொடுகிறது, மூன்றாவது பக்கம் மட்டும் ஒத்துவரவில்லை

இந்தக் கோளாறைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் எனக்குச் சந்தோஷம். கண்டுபிடிக்க ஒரு வரி போதும். வட்டம் எந்த இரண்டு பக்கத்தைத் தொடுகிறதோ, அந்த இரண்டும் சேரும் முனையில் உள்ள இருசமவெட்டி சரி. மற்றதுதான் தப்பு.

பி, சி இரண்டிலும் இருசமவெட்டி போட்டு, பிசி பக்கத்துக்குச் செங்குத்து போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வட்டம் பிசி-யையும் ஏபி-யையும் தொட்டு, சிஏ-வை வெட்டினாலோ சிஏ-வுக்கு எட்டாவிட்டாலோ பி-யில் குறையில்லை, சி-யின் இருசமவெட்டியை மட்டும் திரும்பப் போடுங்கள். பிசி-யையும் சிஏ-வையும் தொட்டு ஏபி-யில் தகராறு என்றால் பி-யில் தப்பு. முழுப்படத்தையும் திரும்ப வரைய வேண்டிய அவசியமே இல்லை.

தப்பான முனை தெரிந்தாயிற்று. அங்கே என்ன பிசகியது என்று இந்த வரிசையில் பாருங்கள்.

அளவுகோல் முனையில் சரியாக உட்காரவில்லை

இருசமவெட்டிக் கோட்டை முனைவரை பின்னோக்கிப் பாருங்கள். கோடு முனைக்குப் பக்கத்தில் அரை மி.மீ. தள்ளிப் போகும். பென்சில் முனைக்குத் தடிமன் உண்டு என்பதை மறந்து அளவுகோலைப் புள்ளியின் மேலேயே வைத்திருப்பார்கள். பென்சிலை முனைப்புள்ளியில் நிறுத்தி, அளவுகோலை அதன்மேல் சாய்த்து, பிறகு மறுமுனையைச் சரிசெய்து கோடு போடுங்கள்.

இரண்டு வில்லுக்கு நடுவில் கவராயம் மாறிவிட்டது

முனையிலிருந்து முதல் வில் போட்டு இரண்டு பக்கத்திலும் புள்ளி வாங்குகிறோம். அந்த இரண்டு புள்ளிகளிலிருந்து போடும் வில்களுக்கு விரிவு ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வில்லின் விரிவும் இதுவும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை, ஆனால் இந்த இரண்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். சோதிப்பது சுலபம். வில்கள் வெட்டும் புள்ளியிலிருந்து பக்கத்தில் உள்ள இரண்டு புள்ளிகளுக்கும் கவராயத்தால் தூரம் எடுத்துப் பாருங்கள்.

வில்லை எங்கிருந்து போட்டீர்கள்?

பக்கத்தில் வாங்கிய புள்ளிகளை விட்டுவிட்டு முக்கோணத்தின் மற்ற இரண்டு முனைகளிலிருந்தே வில் போடுகிற பிள்ளைகள் வருடத்துக்கு நான்கு பேராவது வருகிறார்கள். ஏ-யின் கோணத்தை வெட்ட பி-யிலிருந்தும் சி-யிலிருந்தும் வில். இருசமபக்க முக்கோணத்தில் இது தற்செயலாகச் சரியாக வந்துவிடும், அதனால்தான் பழக்கமாகிவிடுகிறது. பக்கங்கள் வேறு வேறாக இருந்தால் கோடு கோணத்தைச் சமமாக வெட்டாது. முனையைச் சுற்றி முதல் வில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் காரணம் இதுதான்.

முதல் வில் மிகச் சிறியது

முனையிலிருந்து ஒரே ஒரு செ.மீ. எடுத்து வில் போட்டிருப்பார்கள். வில்கள் வெட்டும் இடமும் முனைக்குப் பக்கத்திலேயே விழும். முனையிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் அரை மி.மீ. பிசகினால் கோடு ஏறக்குறைய 3 பாகை திரும்பிவிடும். அதே அரை மி.மீ. பிசகு 4 செ.மீ. தூரத்தில் நடந்தால் முக்கால் பாகைக்கும் குறைவு. கை யாருக்கும் அரை மி.மீ. ஆடத்தான் செய்யும். தூரத்தில் ஆடினால் சேதம் குறைவு. பக்கம் இடம் கொடுக்கும் வரைக்கும் வில்லைப் பெரிதாகப் போடுங்கள்.

பாகைமானி வைத்துப் பாதி எடுத்தீர்களா?

முறைப்படி கூடாது. கூடாது என்பது ஒரு பக்கம் இருக்க, 4, 9, 11 முக்கோணத்தில் ஏ-யின் கோணம் ஏறக்குறைய 109.5 பாகை. அதில் பாதியைப் பாகைமானியில் எப்படிக் குறிப்பது?

எல்லாம் பார்த்தும் பிடிபடாவிட்டால் மடித்துப் பாருங்கள். முக்கோணத்தை மெல்லிய தாளில் படியெடுத்து வெட்டுங்கள். சந்தேகமான முனையில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் மேல் சரியாகப் படியும்படி மடியுங்கள். மடிப்பு விழுந்த கோடுதான் உண்மையான இருசமவெட்டி. அதை உங்கள் கோட்டின்மேல் வைத்தால் எவ்வளவு, எந்தப் பக்கம் விலகியது என்று தெரியும். கவராயத்தை நம்பாத பிள்ளைகூட இதை நம்பும்.

கோளாறு 3: செங்குத்து போட்ட பக்கத்தை மட்டும் தொடுகிறது, மற்ற இரண்டிலும் தகராறு

மையமே தப்பான இடத்தில் இருக்கிறது. இதற்கு இரண்டு கிளை.

மையக்குத்துக்கோடு போட்டுவிட்டீர்களா?

மையக்குத்துக்கோடு என்பது பக்கத்தின் நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு; மூன்று முனை வழியாகவும் போகும் சுற்றுவட்டத்துக்கு அதுதான் வேண்டும். சுற்றுவட்டமும் உள்வட்டமும் பாடத்தில் அடுத்தடுத்து வருவதால் கை பழைய வழக்கத்துக்குப் போய்விடும். கோணத்தை வெட்டுவதற்குப் பதில் பக்கத்தை வெட்டிவிடுகிறார்கள். கோடு முனையிலிருந்து புறப்படுகிறதா, பக்கத்தின் நடுவிலிருந்து புறப்படுகிறதா என்று பார்த்தால் போதும். நடுவிலிருந்து புறப்பட்டால் அது சுற்றுவட்டத்துக்கான கோடு.

இங்கேயும் 6.5, 7, 7.5 முக்கோணம் ஏமாற்றும். அதில் சுற்றுவட்ட மையமும் உள்வட்ட மையமும் அரை செ.மீ. தூரத்தில்தான் இருக்கின்றன. தப்பான மையத்திலிருந்து பிசி-க்குச் செங்குத்து போட்டு வட்டம் சுற்றினால் பார்வைக்கு உள்வட்டம் போலவே வரும். சிஏ-வை அரை செ.மீ. தாண்டும், ஏபி-க்கு நாலு மி.மீ. எட்டாது, அவ்வளவுதான். பிள்ளை கவராயத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும். 4, 9, 11-இல் அந்த மையம் முக்கோணத்துக்கு வெளியே போய்விடும். உள்வட்ட மையம் ஒருநாளும் வெளியே போகாது. மையம் வெளியே விழுந்த நொடியே நிறுத்திவிடலாம்.

முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குக் கோடு இழுத்திருந்தால் அது நடுக்கோடு. அதுவும் இதே விதமான தப்பைத் தரும். கோட்டின் மறுமுனை பக்கத்தைச் சமமாக வெட்டுகிறதா என்று அளந்தால் தெரியும்.

முறை சரி, இரண்டு இருசமவெட்டியும் பிசகிவிட்டன

கோளாறு 2-இல் சொன்ன சோதனைகளை இரண்டு முனைக்கும் செய்யுங்கள். ஒரு தடவை இரண்டும் தப்பினால் அவசரம். பத்துத் தடவையும் தப்பினால் வேறு விஷயம்.

என்னிடம் வந்த ஒரு பெண்பிள்ளைக்கு முறை தலைகீழ்ப் பாடம். வாயால் சொல்லச் சொன்னால் ஒரு வார்த்தை பிசகாது. ஆனால் எல்லாப் படத்திலும் கோடு இரண்டு மூன்று மி.மீ. ஒரே பக்கமாக விலகும். கவராயம் மாற்றினோம், பென்சில் மாற்றினோம், அப்படியும் விலகியது. ஒரு நாள் நான் எதிரே உட்கார்ந்து படத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். தாளோடு மூக்கு ஒட்டக் குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் புள்ளியைத் தேடினாள். "ஏட்டி, புள்ளி ஒண்ணாத் தெரியுதா, ரெண்டாத் தெரியுதா?" என்று கேட்டேன். "சில நேரம் ரெண்டாத் தெரியும் டீச்சர், எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்" என்றாள். கண்ணாடி போட்ட அடுத்த வாரம் வட்டம் தொட்டது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் கோளாறு 3 திரும்பத் திரும்ப வந்தால் நான் கணக்கை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன். அந்த ஒரு செலவைத் தள்ளிப் போடக் கூடாது.

கோளாறு 4: வட்டம் முனை வழியாகப் போகிறது

மூன்று முனை வழியாகவும் போனால் நீங்கள் வரைந்தது சுற்றுவட்டம். படம் நன்றாகவே இருக்கும், கேட்ட படம் இல்லை. ஒரே ஒரு முனை வழியாகப் போனால் ஆரத்தை மையத்திலிருந்து அந்த முனைக்கு எடுத்திருக்கிறீர்கள். மையம் சரியாகவே இருக்கலாம், செங்குத்து மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கோளாறு 5: மூன்று இருசமவெட்டியும் ஒரே புள்ளியில் சந்திக்கவில்லை

இரண்டு போதும் என்றாலும் சரிபார்க்க மூன்றாவதைப் போடும் பிள்ளைகள் உண்டு. நல்ல பழக்கம். ஆனால் நடுவில் ஒரு குட்டி முக்கோணம் விழுந்ததும் பயந்துவிடுகிறார்கள்.

குட்டி முக்கோணம் ஒரு மி.மீ.க்குள் அடங்குகிறதா?

பென்சில் கோட்டின் தடிமனே அரை மி.மீ. வரும். இதைத் தப்பென்று எண்ண வேண்டாம். மூன்றில் எந்த இரண்டின் வெட்டுப்புள்ளியை மையமாக எடுப்பது என்பதுதான் கேள்வி. பெரிய கோணங்கள் இரண்டின் இருசமவெட்டிகளை எடுங்கள். அவைதான் ஏறக்குறைய செங்குத்தாகக் குறுக்கே வெட்டும், வெட்டும் இடம் கூர்மையாகத் தெரியும். மையமும் பெரிய கோண முனைகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் கோடு அதிக தூரம் ஓடி விலகாது.

4, 9, 11 முக்கோணத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். ஏ, பி இரண்டின் இருசமவெட்டிகள் 100 பாகையில் வெட்டும். பி, சி இரண்டையும் எடுத்தால் கோடுகள் 35 பாகைச் சாய்வில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போகும், வெட்டும் புள்ளி எது என்றே சொல்ல முடியாது. 'ஏதாவது இரண்டு கோணம்' என்பது சரிதான். ஆனால் எனக்கு ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கிறது என்றால் பெரிய இரண்டைப் பிடி என்பதைத்தான் சொல்வேன்.

ஒரு மி.மீ.க்கு மேல் போகிறதா?

மூன்றில் ஒன்று பிசகியிருக்கிறது. குட்டி முக்கோணத்தின் மூன்று முனையிலிருந்தும் தனித்தனியாக வட்டம் போட்டுப் பார்க்க வேண்டாம். கோளாறு 2-இல் சொன்ன மடிப்புச் சோதனையே சுருக்கு வழி.

கோளாறு 6: வட்டம் மூடவில்லை, தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை

இதில் கணக்குத் தப்பு எதுவும் இல்லை, முழுக்கக் கருவி. செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

தாளுக்குக் கீழே என்ன இருக்கிறது? சிமெண்டுத் தரையில் வைத்து வரைந்தால் முள் ஊன்றாமல் வழுக்கும். பாயின் மேல் வைத்து வரைந்தால் முள் தாளைத் துளைத்துக் கோரைக்குள் இறங்கிவிடும், கவராயம் சாயும், ஆரம் மாறும். தாளுக்கு அடியில் ஒரு பழைய நோட்டை வைத்தால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது.

மையத்தில் துளை பெரிதாகிவிட்டதா? ஒரே புள்ளியில் நாலைந்து தடவை முள் ஊன்றினால் துளை ஒரு மி.மீ.க்கு விரிந்துவிடும். பின்பக்கத்தில் சின்னத் தாள் துண்டு ஒட்டி, புள்ளியைத் திரும்பக் குறித்துக்கொள்ளுங்கள்.

பென்சில் ஆடுகிறதா? குட்டையான பென்சிலைச் சொருகி, முனையும் முள்ளும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி இறுக்குங்கள். ஆடினால் பென்சிலைச் சுற்றி ஒரு சுற்றுத் தாள். சுற்றும்போது கவராயத்தின் கால்களைப் பிடிக்காமல் தலையைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். காலைப் பிடித்தால் நம் விரலே ஆரத்தை மாற்றிவிடும்.

மேல்மூட்டு தளர்ந்துவிட்டதா? திருகு இருந்தால் இறுக்கலாம். ஆணி அடித்த மூட்டு என்றால் சைக்கிள் கடையில் கொடுத்தால் மெதுவாக ஒரு தட்டு தட்டித் தருவார்கள், கொஞ்ச நாள் ஓடும். அதற்குப் பிறகும் 5 செ.மீ. ஆர வட்டம் மூடவில்லை என்றால் கவராயத்தை மாற்றிவிடுங்கள். முழுப்பெட்டி வாங்க வேண்டாம், கவராயத்தை மட்டும் தனியாகக் கேட்டு, கடையிலேயே ஒரு வட்டம் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கோளாறு 7: முக்கோணமே அமையவில்லை

வில்கள் இரண்டும் சந்திக்கவில்லை என்றால் சின்னப் பக்கங்கள் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பெரிய பக்கத்தைவிட அதிகமாக வரவில்லை என்றால் அப்படி ஒரு முக்கோணம் கிடையாது. கேள்வியைப் பார்த்து எழுதும்போது எண் மாறியிருக்கும்.

கோளாறு 8: தாளில் சரி, மண்ணில் வட்டம் வேலியைத் தாண்டுகிறது

இதைப் பெரியவர்கள் கேட்டு வருவார்கள். வாய்க்கால் ஒரு பக்கம், பாதை ஒரு பக்கம் என்று போய் வயலின் மூலை முக்கோணமாக மிச்சப்படும். அதில் எவ்வளவு பெரிய வட்டத் தொட்டி கட்டலாம் என்று கேட்பார்கள். எங்கள் சித்தப்பாவும் கேட்டார். பிசான அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்த நேரம், கயிறும் முளையுமாகப் போய் நின்றோம். முதல் தடவை வட்டம் வேலியை இரண்டடி தாண்டியது.

கயிறு இழுபடுகிறதா?

நைலான் கயிறு இழுத்த இழுப்புக்கு நீளும். எங்களுக்கு அன்று நடந்தது அதுதான். கட்டுக்கம்பி அல்லது டேப்பு பயன்படுத்துங்கள்.

கோணத்தை வெட்டப் பார்த்தீர்களா?

கட்டாந்தரையில் வில் போட்டு இருசமவெட்டி எடுப்பது சிரமம், பிசகும் பெரிதாக வரும். அங்கே நான் இருசமவெட்டியை விட்டுவிட்டுத் தொடும் இடங்களை முதலில் கண்டுபிடிப்பேன். ஒரு மூலையிலிருந்து தொடும் இடம் எவ்வளவு தூரம்? அந்த மூலையில் சேரும் இரண்டு பக்கத்தையும் கூட்டி, எதிர்ப்பக்கத்தைக் கழித்து, பாதி எடுங்கள். பக்கங்கள் 39, 42, 45 அடி என்று வையுங்கள். 39-உம் 42-உம் சேரும் மூலையிலிருந்து 18 அடி. 39-உம் 45-உம் சேரும் மூலையிலிருந்து 21. மிச்ச மூலையிலிருந்து 24. மூன்று பக்கத்திலும் முளை அடித்தாயிற்று.

அப்புறம் ஏதாவது இரண்டு முளையில் பக்கத்துக்குச் செங்குத்தாகக் கயிறு ஓட்டுங்கள். கொத்தனார் மூலைமட்டம் பிடிப்பது போல 6, 8, 10 அடி வைத்தால் செங்கோணம் கிடைக்கும். இரண்டு கயிறும் வெட்டும் இடம் மையம். இந்த நிலத்தில் ஆரம் 12 அடி வரும்.

சுவரின் தடிமனைக் கணக்கில் எடுத்தீர்களா?

12 அடி என்பது சுவரின் வெளிமுகம். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் உள்ளே 11 அடி 3 அங்குலம்தான். சுற்றி நடக்க இரண்டடி வழி வேண்டுமானால் மையத்தை நகர்த்தாமல் ஆரத்தை 10 அடியாகக் குறையுங்கள். மூன்று பக்கத்திலும், மிக ஒடுங்கிய இடத்திலும், இரண்டடி கிடைக்கும்.

எப்போது நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவது? எல்லைக்கல் இருக்கும் இடத்தில் பக்கத்து வயல்காரருக்கும் உங்களுக்கும் ஒத்துவரவில்லை என்றால் முதலில் சர்வேயர். பக்கமே உறுதியில்லாதபோது வட்டத்தைச் சரிசெய்து பயனில்லை. ஒரு பக்கம் வாய்க்கால் கரை என்றால் கரையைத் தொடாமல் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று நீர்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டி ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் தாங்க வேண்டுமானால் பொறியாளர் இல்லாமல் தொடங்காதீர்கள். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டுமுன் கம்பியை மையத்தில் மாட்டி ஒரு சுற்று நடந்து, மூன்று முளையிலும் கம்பி முனை உரசுகிறதா என்று பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு தூவுங்கள். முளைகளை அதற்கப்புறம் பிடுங்கினால் போதும்.